வெறும் தண்ணீரில் அலசிய விதை

எங்கள் வீட்டுக் கத்திரிக்காயை ஒழித்தவன் நான். செடியைப் பிடுங்கியதை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு செய்தவற்றுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

மண்ணூர்ப் பக்கம் நாங்கள் வீடு கட்டிய மனை, ஏரிச் சவுட்டு மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கிய இடம். மண்வெட்டி போட்டால் செங்கல்லும் டைல்ஸ் துண்டும்தான் மேலே வரும். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சிமெண்ட் போட்டு விட்டுடுங்க, வண்டி நிறுத்தலாம்" என்றார்கள். என் மனைவி எல்லோருக்கும் தலையாட்டினாள். யார் சொன்னதையும் செய்யவில்லை. காய்கறித் தோல், வேப்பஞ்சருகு, பால்காரரிடம் கேட்டு வாங்கிய சாணம் என்று கொட்டிக்கொண்டே இருந்தாள். நான் வேலைக்குப் போய்வந்த வருடங்களில் அங்கே மண் உண்டாகியிருக்கிறது. இப்போது ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, இரண்டு வாழை, பந்தலில் பாகலும் அவரையும், ஓரமாகக் கீரை, நடுவில் கத்திரி.

நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவுக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளே வரும் சரக்கில் போலி கலந்திருக்கிறதா, வெளியே போகும் சரக்கில் குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் கண்ணைக் கழற்றி வைக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். ரசத்தில் புளி கூடியது, திரைச்சீலை ஒரு பக்கம் இறங்கியிருந்தது, எல்லாம் என் கண்ணில் படும்; வாயிலும் வரும். "இது வூடு, ஒங்க லைன் இல்ல" என்பாள் அவள்.

அவளுடைய கத்திரிக்காய்க்குப் பெயர் கிடையாது. கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரிது, வெளிர்பச்சை, காம்புப் பக்கம் மட்டும் லேசாக ஊதாக் கோடு. பென்னலூரில் வாடகைக்கு இருந்த காலத்தில் யாரோ கொடுத்த ஒரு சிட்டிகை விதையில் தொடங்கியது. எந்தச் செடி கோடையில் பூ உதிர்க்காமல் நின்றதோ, எதன் காய் அரிந்தவுடன் கறுக்காமல் இருந்ததோ, அதில் இரண்டு மூன்று காயை விதைக்கு விடுவாள். அடுத்த பட்டத்தில் அதை விதைப்பாள். இப்படியே வருடக்கணக்கில் பொறுக்கிப் பொறுக்கி, கடையில் கிடைக்காத ஒரு காயை உண்டாக்கிவிட்டாள். எண்ணெய் கத்திரிக்காயாக அதை நான் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அதை அறிந்தவர்கள் வேறு இருந்தார்கள். சேரப்பணஞ்சேரியில் அவளுடைய தங்கை, ஒரு கம்பெனி மதிலை ஒட்டி மிஞ்சியிருக்கும் துண்டு நிலத்தில் காய்கறி போடுகிறாள். மாலையில் ஷிப்ட் முடிந்து பஸ் இறங்கும் பெண்களுக்கு அதை விற்கிறாள். ஒவ்வொரு ஆடியிலும் அக்காவிடம் விதை வாங்கிப் போவாள். அந்தப் பெண்களிடம் அவள் வைத்திருந்த பெயர் "அக்கா கத்திரிக்கா". எடுத்துப் பார்க்காமலே வாங்குவார்களாம்.

சென்ற வருடம் மாசியில் மகளின் பிரசவத்துக்காக என் மனைவி கோயம்புத்தூர் புறப்பட்டாள். கிளம்பும் காலையில் என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய் இரண்டு செடிகளைக் காட்டினாள். மூன்று காய்களின் காம்பில் பழைய புடவைக் கிழிசல் கட்டியிருந்தது.

"துணி கட்டினத மட்டும் பறிக்காதீங்க. நல்லா மஞ்சளா பழுத்து சுருங்கட்டும். போன ஆடில வெத எல்லாத்தயும் குடுத்துட்டேன், டப்பா காலியா கீது. மத்த செடியெல்லாம் ஓஞ்சு புடுங்கியாச்சு, இதான் இனிமே வெதைக்கு. கேக்கறீங்களா?"

"கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்றேன். நான் கைப்பேசியில் ரயில் பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன சில வாரங்களில், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். நான் தோட்டத்தைச் சுத்தம் செய்தேன். வாழையின் காய்ந்த இலைகளை அறுத்தேன், பந்தல் கம்புகளை நேராக நிறுத்தினேன். கத்திரிப் பாத்தியில் இரண்டு செடிகள் சாய்ந்து நின்றன. இலையில் மாவுப்பூச்சி. காய்கள் மஞ்சளாகிச் சுருங்கிக் கிடந்தன. கிழிசல் துணி கண்ணில் படத்தான் செய்தது. கண்ணேறு படாமல் கட்டியிருக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வேரோடு பிடுங்கி மற்ற குப்பையோடு சேர்த்து, காலையில் வரும் பஞ்சாயத்து பேட்டரி வண்டியில் போட்டேன். நண்பர் வந்தார். "பார்க் மாதிரி வச்சிருக்கீங்க சார்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பேரன் பிறந்து சில நாள் கழித்து அவள் போனில் கேட்டாள்.

"அந்தக் காய் மஞ்சளாச்சா?"

"எந்தக் காய்?"

"அதாங்க, துணி கட்டினது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பின்கதவு திறந்திருந்தது. வெறும் பாத்தி தெரிந்தது.

"ஆயிடுச்சு" என்றேன். "பறிச்சு வெச்சிருக்கேன்."

மகளுக்கு ஆபரேஷன், குழந்தைக்கு மஞ்சள்காமாலை, அவளுக்குத் தூக்கமில்லை, இந்த நேரத்தில் எதற்கு என்று நினைத்தேன் என்பது பின்னால் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். அவள் கோபத்துக்கு நான் பயப்படவில்லை. 'நான் சொன்னத நீங்க கேக்கவே இல்லியா' என்று அவள் கேட்பாள். இல்லை என்பதைத் தவிர என்னிடம் பதில் இருக்காது. அந்த ஒரு பதிலைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் பொய் சொன்னேன்.

பொய் அதோடு நிற்கவில்லை. மறுநாள் மதியம் மறுபடி அழைத்தாள். "இப்ப கொழந்த தூங்குது. அந்தக் காய எடுத்தாங்க, எப்டி வெத எடுக்கறதுன்னு சொல்றேன். விட்டா அழுவிப்பூடும்."

"நானே எடுத்துடறேன்."

"ஒங்களுக்குத் தெரியாது. ஒரு பேசன்ல தண்ணி புடிங்க."

நான் பேசினில் தண்ணீர் பிடித்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி மேடையில் வைத்தேன். வீடியோவில் வா என்று அவள் கேட்காதது என் அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்தேன்.

"காய நாலா கீறுங்க. கீறினீங்களா? உள்ளாற இருக்கறத வழிச்சு தண்ணில போட்டு நல்லா பெசைங்க."

வெறும் தண்ணீரில் கையை விட்டுப் பிசைந்தேன். தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும்படி பிசைந்தேன்.

"இன்னும் கொஞ்சம். நகத்தால கீறாதீங்க. இப்ப மேல மெதக்கறது எல்லாம் சொத்த. அத கொட்டிடுங்க. அடியில தங்கறதுதான் வெத. தங்குதா?"

"தங்குது."

"நெறய கீதா?"

"இருக்கு. நிறையவே இருக்கு."

அவள் சிரித்தாள். மகளிடம் திரும்பி, "ஒங்கப்பா வெத எடுக்கறாருடி!" என்றாள். மகள் தொலைவிலிருந்து, "அப்பாவா? போட்டோ எடுத்து வைக்கச் சொல்லும்மா!" என்றாள். நான் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு விதை இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு விதைக் கடைக்குப் போனேன். அட்டையில் படம் பார்த்து, பச்சையும் ஊதாவும் கலந்த காய் போட்ட ஒரு பாக்கெட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் விதை முழுவதும் ரோஸ் நிறம். பூச்சி அண்டாமல் இருக்க மருந்து பூசியிருக்கிறார்கள். நான் அந்த விதையை வடிகட்டியில் போட்டு, குழாயடியில், நிறம் போகும்வரை தேய்த்துக் கழுவினேன். செய்தித்தாளில் நிழலில் உலர்த்தினேன். அவளுடைய தகர டப்பாவில், வெந்நீர் அடுப்புச் சாம்பலோடு கலந்து மூடினேன். போலிச் சரக்கு உள்ளே வராமல் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவன், என் வீட்டு அடுப்படியில் நின்று ஒரு போலியைத் தயார் செய்தேன். நன்றாகவும் செய்திருந்தேன். கத்திரி விதையில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனி கடைசியில் அவள் திரும்பி வந்தாள். பெட்டியைக்கூடத் திறக்காமல் பின்பக்கம் போனாள். கொய்யா காய்த்திருந்தது, பந்தல் ஒழுங்காக இருந்தது. உள்ளே வந்து டப்பாவைக் குலுக்கி, கையில் கொஞ்சம் கொட்டி ஊதிப் பார்த்தாள்.

"பரவால்லியே. நல்லா காய வெச்சிருக்கீங்க."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கைவேலையை அவள் புகழ்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆடியில் அவள் தொட்டியில் விதை போட்டாள். தங்கை வந்து அவள் பங்கை வாங்கிப் போனாள். எதிர்வீட்டில் இருக்கும் கத்தோலிக்க அம்மாவும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். "இந்த வாட்டி மாமா எடுத்த வெதடி" என்று தங்கையிடம் அவள் சொன்னாள். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமாவா? அப்ப ஐஎஸ்ஓ முத்திர குத்திதான் வந்துருக்கும்" என்று சிரித்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். பொட்டலம் அவள் மடியில்தான் இருந்தது. நான் டீ போடப் போய்விட்டேன்.

நாற்று வந்தது. ஒரு காலை அவள் தொட்டி முன்னால் குந்தியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாங்களேன். நம்மளுது தண்டு பச்சயா இருக்கும். இது ஊதாவா கீது."

நான் குனிந்து பார்த்தேன். எல்லா நாற்றும் ஊதா.

"வெயில் அதிகம்" என்றேன்.

"வெயிலுக்கா தண்டு மாறும்? நான்தான் தப்பான செடில துணி கட்டிட்டேனோ. ஊருக்குப் போற அவசரத்துல…" என்று நெற்றியைத் தேய்த்தாள். "எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் நெனவு நிக்க மாட்டேங்குது."

இப்போது எழுதப்போவது எல்லாவற்றிலும் மோசமானது. நான் அவள் தோளில் கை வைத்து, "வயசாகுது இல்ல, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

அவள் அதை நம்பினாள். அதற்குப் பிறகு வந்த நாள்களில் அவளைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. கேஸை அணைத்தோமா என்று கதவைப் பூட்டிய பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தாள். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று என்னிடம் கேட்டாள். எந்தச் செடியில் எத்தனை காய் விட்டோம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள், பாதியில் நிறுத்திவிடுவாள். அவளுடைய அம்மாவுக்குக் கடைசி வருடங்களில் ஞாபகம் தப்பிப்போனது. அந்த வழியில் தானும் காலை வைத்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. மகளிடம் மட்டும் போனில், "மறதிக்கு எந்த டாக்டர பாக்கறது?" என்று தணிந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு காலை தங்கைக்கும் போன் செய்தாள்.

"எங்கயோ கலந்துட்டேன்டி. அது நம்ம வெத இல்ல. என் கை போச்சு. நீ வேற எங்கனா நாத்து வாங்கிக்க."

"இன்னாக்கா சொல்ற, நேத்துதான நட்டு முடிச்சேன். மொத்த நெலமும் அதான். பஸ் ஸ்டாப்ல எல்லா பொண்ணுங்களும் எப்ப வரும் எப்ப வரும்னு கேட்டுகினு கீதுங்க."

"என்ன மன்னிச்சுக்கடி" என்றாள் அவள்.

அவள் போனை வைத்ததும் சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் சொன்னேன். செடியைப் பிடுங்கியது, பேட்டரி வண்டி, பேசின், ரோஸ் நிற விதை, எல்லாம். அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"அன்னிக்கி போன்ல தண்ணி சத்தம் கேட்டுதே?"

"வெறும் தண்ணி."

"வெறும் தண்ணியவா பெசஞ்சீங்க?"

"ஆமா."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பிறகு உட்கார்ந்தாள்.

"செடி போச்சு, சரி. வெத மாத்தினீங்க, அதும் சரின்னு வெச்சுக்கலாம். நான் மண்டய ஒடச்சிகினு கீறேன், எனக்கு புத்தி பேதலிச்சுப் போச்சான்னு. பாத்துகினே இருந்தீங்களே. வயசாகுதுன்னு சொன்னீங்களே."

கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "வண்டிய எடுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க."

முதலில் எதிர்வீடு. அந்த அம்மா ஞாயிறு பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் என் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணா, பாவசங்கீர்த்தனத்த எங்க சாமியார்கிட்டதான் சொல்லுவாங்க. நீங்க என்கிட்ட வந்து சொல்றீங்க. நான் இன்னா தண்டன குடுக்கறது?" என்றார். என் மனைவி பழைய காயின் விதை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். "எங்க வெச்சேன், எல்லாத்தயும் கொழம்பு வெச்சுட்டோம். கேட்டா நீங்க குடுப்பீங்கன்னு இருந்துட்டேனே" என்றார் அவர்.

சேரப்பணஞ்சேரிக்கு ஸ்கூட்டரில் போனோம். ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்றன. வழக்கமாக அந்த இடத்தில் அவள் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அன்று பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை மதில் ஓரத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று சொன்னேன். மண்வெட்டியை ஊன்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அய்ய, இன்னா மாமா இது! கம்பெனில ஒரு டூப்ளிகேட் நட்டு பூந்துட்டா ஊரயே கூட்டுவீங்கன்னு அக்கா சொல்லும். இப்ப நீங்களே ரோஸ் பௌடர கழுவிகினு ஒக்காந்துருக்கீங்க?"

"தப்புதான்."

"தப்புதான்னு இவ்ளோ லேசா சொல்றீங்க. எங்க அக்கா போன்ல அழுதுச்சு, தெரியுமா? என்னான்ட மன்னிப்பு கேட்டுச்சு."

"தெரியும். பக்கத்துலதான் இருந்தேன்."

அவள் மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு அக்காவிடம் திரும்பினாள். "விடுக்கா. செடி நல்லாத்தான் கீது, காய்க்கும், விப்பேன். ஆனா அக்கா கத்திரிக்கான்னு சொல்லி விக்க மாட்டேன். கேட்டா மாமா கத்திரிக்கான்னு சொல்லிடறேன்." அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். தங்கையிடமும் பழைய விதை இல்லை. எல்லோரும் என் மனைவியை நம்பியே இருந்திருக்கிறார்கள். அவள் என்னை நம்பியிருந்தாள். அந்தக் காய் அப்படித்தான் முடிந்துபோனது; அது எங்கிருந்தும் திரும்பி வரவில்லை.

வீட்டில் அவள் பேசாமல் இருந்துவிடவில்லை. சமைத்தாள், சாப்பாடு போட்டாள், பேரன் படத்தைக் காட்டினாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டேன் என்று நான் சொன்னால், சரி என்று சொல்லிவிட்டுப் போய் மண்ணைத் தொட்டுப் பார்ப்பாள். கேட்டைப் பூட்டிவிட்டேன் என்றால் போய் இழுத்துப் பார்ப்பாள். அதில் கோபமே இல்லை. என் சொல் இனி அவள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய பொருளாகிவிட்டது. வேலையில் மற்றவர்கள் சரக்கை நான் அப்படித்தான் பார்த்தேன். பார்க்கப்படுகிற பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நல்லது, கேஸை அணைத்தோமா என்று அவள் திரும்பிப் போய்ப் பார்ப்பது நின்றுபோனது. டாக்டரைப் பற்றிய பேச்சும் நின்றது.

ஐப்பசியில் பாக்கெட் செடிகள் காய்த்தன. பளபளவென்று, ஒரே அளவு, ஒரே நிறம், அச்சில் வார்த்தது போல. தரப் பிரிவில் இருந்திருந்தால் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். அவள் சமைத்து ஒரு வாய் தின்றுவிட்டு, "தண்ணி மாரி கீது" என்றாள். ஆனாலும் ஒரு செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் விட்டாள்.

"எதுக்கு?" என்றேன்.

"வெதைக்கு."

"இது ஹைபிரிட். இதோட விதையப் போட்டா இதே மாதிரி வராது. தாறுமாறா வரும்."

"வரட்டுமே. எனக்கு இதே மாரியா வோணும்? தாறுமாறா வந்தா அதுல நமக்குப் புடிச்சது ஒண்ணு இருக்காதா? முன்னயும் அப்டித்தான பொறுக்கினேன்."

எத்தனை வருடம் ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் வயதும் என் வயதும் நினைவுக்கு வந்து, கேட்கவில்லை. அவள் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. மாவரைக்க அரிசி ஊறப்போடுவதுபோல அத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்த முறை அந்தக் காய்களை நான் காத்தேன். பழுத்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல, அவள் கண்முன்னால் பிசைந்தேன். மேலே மிதந்தது சொத்தை. அடியில் தங்கியது விதை. இரண்டையும் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.

தையில் விதைத்தோம். பங்குனி கடைசியில் காய்க்கத் தொடங்கியது. நான் சொன்னதுபோலத் தாறுமாறுதான். ஒன்று நீளம், ஒன்று உருண்டை. ஒன்று முழு ஊதா, ஒன்று பச்சை, ஒன்றில் பூசணிபோல வரி. ஒரு செடி காய்க்கவே இல்லை. ஒன்றில் முள் கையைக் கிழித்தது. எந்த இரண்டு செடியும் ஒன்றுபோல இல்லை. என் வேலைக்காலத்தில் இப்படி ஒரு தொகுதி வந்திருந்தால் லைனையே நிறுத்தியிருப்பேன். இப்போதோ தினமும் காலையில் காபி டம்ளரோடு அதன் முன்னால் போய் நிற்கிறேன். இன்றைக்கு எந்தச் செடி என்ன செய்திருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

ருசி பார்க்கும் வேலையை அவள் எனக்குக் கொடுத்தாள். "ரசத்துல புளி ஒரு துளி கூடினாலே கண்டுபுடிக்கற நாக்குதான அது. ஒழைக்கட்டும்" என்றாள். காயைப் பச்சையாக ஒரு துண்டு கடித்து, எது கசக்கிறது, எது காறுகிறது, எது இனிக்கிறது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலானவை கசந்தன. முதலில் சில வாரம், நான் சொன்ன பிறகு அவளும் ஒரு துண்டு தின்று பார்ப்பாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஒருமுறை நான் கசப்பு என்றதை அவள் இல்லை என்றாள். மறுபடி தின்றுவிட்டு, "ஆமா, கடசில தொண்டைல நிக்குது" என்று ஒப்புக்கொண்டாள். கொய்யா மரத்தடிச் செடி ஒன்று, வெளிர்பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறத்தில் காய்த்தது. அழகான காய் இல்லை, ஒரு பக்கம் கோணல். கடித்தபோது கசப்பே இல்லை. வெயிலில் மற்றவை வாடியபோதும் பூ உதிரவில்லை. அவளிடம் சொன்னேன். "அப்டியா" என்றாள்.

போன வாரம் அவள் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். தங்கை போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். நான் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது தங்கைக்குத் தெரியாது.

"அக்கா, ஆடிக்கு நான் இன்னா போடறது? ஒன் தோட்டத்துல ஏதோ பொறுக்கறியாமே. எதனா தேறிச்சா? பாக்கெட் வாங்கறதுன்னா இப்பவே சொல்லிடு, நான் வாங்கி வெச்சுக்கறேன்."

"கொய்யா மரத்தாண்ட ஒரு செடி கீது. அதுல காய் விட்டுருக்கேன், ஒனக்கும் சேத்துதான். கசப்பு இல்ல."

"நீ தின்னு பாத்தியா?"

"நான் பாக்கல. மாமா பாத்தாரு. இல்லன்னாரு."

அந்தப் பக்கம் தங்கை சிரித்தாள். "மாமாவா! அத நம்பி மொத்த நெலத்தயும் போடறதாக்கா?"

"போடு" என்றாள் என் மனைவி. "பஸ் ஸ்டாப்ல எவளாவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

அடுத்த அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தங்கை பேசிக்கொண்டே இருந்தாள்.

நான் எழுந்து பின்பக்கம் போனேன். கொய்யா மரத்தடிச் செடியில், விதைக்கு விட்டதைத் தொடாமல், கோணலாக இருந்த இன்னொரு காயைப் பறித்து, சட்டையில் துடைத்து, ஒரு கடி கடித்தேன். அவசரப்படாமல் மென்றேன். தொண்டையில் ஏதாவது நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்தேன். நிற்கவில்லை. சந்தேகத்துக்கு, மேல்கிளையிலிருந்து இன்னொன்றும் பறித்தேன்.